மறுமொழி: ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிச் சத்தங்களுக்குக் கலைச்சொல்

வணக்கம்.

ஆட்டோமேட்டிக் கார்களின் கியர்பெட்டியில் எழும் சத்தங்களுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். 'பம்ப் ஓசை', 'பேரிங் ஓசை', 'பல்லிணை இரைச்சல்' (பல்லிணை என்பது பல்சக்கரம்) மூன்றும் பட்டியலில் ஏறியிருக்கின்றன. மூன்றையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அவை சத்தத்தின் பெயர்கள் அல்ல, கோளாறின் பெயர்கள். வண்டி ஓட்டுபவர் காதில் விழுவது சத்தம் மட்டும்தான். எது கெட்டிருக்கிறது என்பது சோதித்த பிறகு தெரிவது. காரணத்தைப் பெயரிலேயே வைத்துவிட்டால் யார் சோதிப்பார்கள்?

உடம்பு வலிக்கு நம்மிடம் எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், எரிச்சல், இழுப்பு, விண்விண்ணென்று தெறிப்பது. வைத்தியர் முதலில் கேட்பதே "குத்துதா, குடையுதா?" என்றுதான். நோயாளி தன் வலிக்குக் காரணம் சொல்லிக்கொண்டு வரவேண்டியதில்லை, வலியைச் சரியாகச் சொன்னால் போதும். கியர்பெட்டிக்கும் நமக்குத் தேவை அந்த மாதிரிச் சொற்கள்.

முதலில், 'வைன்' என்று எல்லோரும் சொல்லிவரும் சத்தம். மெலிசாக, இழுத்து இழுத்து, மூக்கால் அழுவது போல வரும். இதற்குச் 'சிணுங்கல்' என்பதை முன்மொழிகிறேன். குழந்தைக்குரிய சொல், கலைச்சொல்லுக்கு உரிய கனம் இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். கனத்தைவிடக் காதுக்குப் பொருந்துவதுதான் முக்கியம். சிணுங்கல் என்றதும் தமிழ் பேசும் யாருக்கும் அந்தச் சுருதி கேட்டுவிடும்.

என் வண்டியிலேயே இது வந்தது. வண்டி நின்றுகொண்டிருந்தது, கியர் பார்க்கில். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் சத்தம் மேலேறும், விட்டால் இறங்கும். அப்படியென்றால் அதற்குச் சக்கரத்தோடு தொடர்பில்லை, எஞ்சினோடுதான். எஞ்சின் ஓடும்போதெல்லாம் கூடவே சுற்றுவது பெட்டிக்குள் இருக்கும் ஆயில் பம்ப். ஆயில் மட்டம் காட்டும் அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். ஆயில் கீழ்க்கோட்டைக்கூட எட்டவில்லை. ஒட்டியிருந்த கொஞ்சமும் பொடிப்பொடிக் குமிழிகளாக நுரைத்திருந்தது. பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது. ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் குழாயின் இணைப்பில் கசிவு. அதைச் சரிசெய்து ஆயில் நிரப்பியதும் சிணுங்கல் நின்றுவிட்டது. பம்ப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. (ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே கதைதான்: சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.)

இதே சிணுங்கல் ஒரு கியரில் மட்டும் கேட்டு அடுத்த கியரில் மறைந்தால், கோள் பல்சக்கரத் தொகுதியை (நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் ஓடும் 'பிளானட்டரி கியர்') சந்தேகிக்கலாம். நியூட்ரலில் இல்லாமல், பிரேக்கை மிதித்தபடி டிரைவில் போட்டதும் எழுந்தால், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். நியூட்ரலில் கன்வெர்ட்டருக்குள் எஞ்சின் பக்கமும் கியர்பெட்டிப் பக்கமும் உள்ள இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒன்றாகச் சுற்றுகின்றன. டிரைவில் வண்டி நிற்கும்போது ஒன்று நிற்க, மற்றது சுற்றுகிறது. நடுவில் உள்ள பேரிங்குக்கு வேலை வருவது அப்போதுதான். ஆகவே சொல் ஒன்றாகவே இருக்கட்டும், எப்போது கேட்கிறது என்பதை அடைமொழியாகச் சேர்ப்போம்: பார்க் சிணுங்கல், டிரைவ் சிணுங்கல், மூன்றாம் கியர்ச் சிணுங்கல்.

அடுத்தது, வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும் அடிக்குரல். எஞ்சின் வேகம் குறைந்தாலும் இது குறையாது. கியர்பெட்டியிலிருந்து விசை வெளியேறும் பக்கத்துப் பேரிங்காக இருக்கலாம், சக்கரத்துப் பேரிங்காகவும் இருக்கலாம். இதற்கு 'ரீங்காரம்' என்ற பரிந்துரை வந்திருக்கிறது. அது வண்டுக்கும் தம்பூராவுக்கும் உரிய இனிமையான சொல். தேய்ந்த பேரிங் உறுமத்தான் செய்யும். 'உறுமல்' என்றே வைப்போம்.

பல்சக்கரங்கள் சரியாகக் கவ்வாமல் அரைபடுவதற்கு 'நறநறப்பு'. பல்லை நறநறவென்று கடிப்பதாகக் காலங்காலமாகச் சொல்லிவருகிறோம், சக்கரத்துக்கும் பல் என்றுதான் சொல்கிறோம். இதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது. இது கேட்டால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும். அரைபட்ட இரும்புத்தூள் ஆயிலோடு பெட்டி முழுக்கப் போய்விடும்.

'ஷடர்' என்பது காதில் விழுவதைவிட உடம்பில் உணர்வது. கன்வெர்ட்டரின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் பிடித்தும் வழுக்கியும் விளையாடும்போது, காய்ச்சலில் உடம்பு உதறுவது போலச் சில விநாடிகள் வந்து போகும். 'அதிர்வு' ஏற்கெனவே பொதுச்சொல்லாக நிலைத்துவிட்டதால், இதற்கு 'உதறல்' என்று தனியாக வைக்கலாம்.

'கிளங்க்' ஒன்றுதான் எனக்கு அமையவில்லை. பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்குத் தள்ளியதும் ஒரே ஒரு தடவை அடியில் விழும் கனத்த சத்தம் அது. காரணம் பெரும்பாலும் எஞ்சினையோ கியர்பெட்டியையோ தாங்கும் ரப்பர் மவுண்ட் தேய்ந்திருப்பது, அல்லது சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் இணைப்பு. 'மொத்தல்' என்று எழுதிப் பார்த்தேன், கனம் வந்தது, ஆனால் இரும்பு இரும்பில் படும் ஓசை அதில் இல்லை. 'இடிப்பு' என்றால் விபத்து என்று எடுத்துக்கொள்வார்கள். கனமும் இரும்போசையும் சேர்ந்த சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.