புதிய குகைப்பாதை: முதலில் பார்த்துவிட்டு அளப்பதா, அளந்துகொண்டே முன்னேறுவதா?

ஈரப்பாறை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஏற்கெனவே வரைபடம் உள்ள ஒரு சுண்ணாம்புக்கல் குகையின் கடைக்கோடியில், கற்குவியலின் இடுக்கிலிருந்து தொடர்ந்து காற்று வந்துகொண்டிருந்ததை எங்கள் குழுவினர் கவனித்தனர். கற்களை அகற்றி ஊர்ந்து சென்றபோது, அப்பால் நிமிர்ந்து நடக்கக்கூடிய ஒரு பாதை திறந்தது. தரையில் காலடித்தடம் எதுவும் இல்லை. நேரம் ஆகிவிட்டதால் முதல் வளைவைப் பார்த்ததோடு திரும்பிவிட்டோம்.

அடுத்த முறை எப்படிச் செல்வது என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சிகள் உள்ளன. முதலில் முடிவுவரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அளக்கலாம் என்கின்றனர் சிலர். ஒரு நிலைகூட (கருவியை வைத்து அளக்கும் புள்ளி) அளக்காமல் தாண்டக்கூடாது என்கின்றனர் மற்றவர்கள். எங்களிடம் நாடா, திசைகாட்டி, சாய்வுமானி ஆகியவை உள்ளன. டிஸ்டோஎக்ஸ் என்ற லேசர் அளவைக் கருவியை வாங்கலாமா என்றும் யோசிக்கிறோம். அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

சுண்ணாம்புக்கல்:

அளந்துகொண்டே செல்லுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. முடிவைப் பார்த்துவிட்ட குழுவுக்கு, பசியோடும் களைப்போடும் திரும்பும்போது அளப்பதில் ஆர்வம் இருக்காது. "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று விடப்பட்ட பாதைகள் பல ஆண்டுகள் கழித்தும் அளக்கப்படாமலே கிடக்கின்றன. அவற்றில் என்ன இருக்கிறது என்பது, போய்வந்த நான்கைந்து பேரின் நினைவில் மட்டுமே, அதுவும் ஆளுக்கொரு விதமாகத்தான் இருக்கும்.

நியூ மெக்சிகோவில் உள்ள லெச்சுகியா குகையும் உங்களுடையதைப் போலவே, இடிபாடுகளின் அடியிலிருந்து வந்த காற்றை நம்பித் தோண்டியதால் 1986இல் திறந்ததுதான். அங்கு அளப்பதும் ஆராய்வதும் ஒரே வேலையாக நடந்ததால்தான், 240 கிலோமீட்டருக்கும் அதிகமான பாதைகள் இன்று வரைபடத்தில் உள்ளன. புதிய இடத்தை அளக்காமல் ஓடிப் பார்ப்பதை அங்குள்ள குகையாளர்கள் ஒழுக்கக்கேடாகவே கருதுகின்றனர். அதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வேகமாக நடப்பவரின் கண்ணுக்குப் பெரிய பாதை மட்டுமே தெரியும். வரைபவரோ ஒவ்வொரு நிலையிலும் நின்று இரு சுவர்களையும் கூரையையும் தரையையும் பார்த்தாக வேண்டும் என்பதால், முழங்கால் உயரத்தில் உள்ள ஒரு துளையும், கூரையருகே இருளாகத் தெரியும் ஒரு வாயும் அவர் கண்ணிலிருந்து தப்புவதில்லை. அத்தகைய இடங்களில் வரைபடத்தில் ஒரு கேள்விக்குறி இட்டுவிடுங்கள். அடுத்து எங்கே போகலாம் என்ற விவாதத்துக்கு அந்தக் கேள்விக்குறிகளே விடை தரும்.

தடமே படாத தரை என்கிறீர்கள். முதலில் நடப்பவர் எந்த ஓரமாக நடந்தாரோ அதே ஓரமாகவே எல்லோரும் நடக்கும்படி வண்ண நாடாவால் அடையாளமிட்டுவிடுங்கள். ஒரு முறை மிதிபட்ட படிகப்படிவம் திரும்பி வராது.

கயிற்றுமுடிச்சு:

முந்தைய பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன்; ஆனால் விதிவிலக்கே இல்லை என்பதுபோல் சொல்வதை ஏற்க முடியவில்லை. ஓடை ஓடும் பாதையில், வெள்ளம் வந்தால் ஒதுங்கி நிற்க மேடான இடம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், புத்தகமும் பென்சிலுமாக மணிக்கணக்கில் நின்றுகொண்டிருப்பது அறிவுடைமை ஆகாது. வழியில் செங்குத்துக் குழி வந்தால் கயிறு போதுமா என்பதையும் ஒருவர் முன்னே சென்று பார்த்துத்தான் ஆகவேண்டும். ஆகவே, அடுத்த கிளை பிரியும் இடம்வரை ஒருவர் பார்த்துவரட்டும்; அதைத் தாண்ட வேண்டாம். அடுத்த நிலையை எங்கே வைத்தால் முன்னும் பின்னும் தடையின்றிப் பார்க்கலாம் என்பதையும் அவரே தேர்ந்துவிடலாம்.

புதியவர்கள் எதிர்பார்க்காத சிக்கல் குளிர். குழுவின் வேகம் வரைபவரின் வேகமே. கருவி பிடிப்பவர் சில நொடிகளில் வேலையை முடித்துவிட்டு, ஈர உடையோடு வெகுநேரம் சும்மா நிற்பார். வரைபவரோ அந்த நேரத்தில் தளவரைபடத்தையும் பக்கத்தோற்றத்தையும் குறுக்குவெட்டையும் அளவுகோலுக்கு ஏற்ப வரைந்துகொண்டிருப்பார். அவரை அவசரப்படுத்தாதீர்கள். எண்களை மீண்டும் எடுத்துவிடலாம். அரைகுறையாக வரைந்த படத்தை வீட்டில் உட்கார்ந்து நிரப்ப முடியாது. மூன்று பேர் அளப்பதற்குப் போதும். ஆறு பேர் என்றால் இரண்டு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கொரு கிளையை எடுத்துக்கொள்ளுங்கள்.

காந்தமுள்:

கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டிஸ்டோஎக்ஸ் என்பது, சுவிட்சர்லாந்தின் பீட் ஹீப் வடிவமைத்த மின்பலகையை லைக்காவின் லேசர் தூரமானிக்குள் பொருத்தியது. தூரம், திசை, சாய்வு மூன்றையும் ஒரே பொத்தானில் எடுத்து, கைப்பேசியில் உள்ள டோபோடிராய்டு போன்ற செயலிக்கு அனுப்பிவிடும். ஒரே புள்ளிக்கு மூன்று முறை சுட்டு, மூன்றும் ஒத்துப்போனால் அதையே இரு நிலைகளுக்கு இடையிலான அளவாகச் செயலி ஏற்றுக்கொள்ளும். தனியாகச் சுட்டவற்றைச் சுவர்களைக் காட்டும் கிளைக்கோடுகளாக வைத்துக்கொள்ளும். வரைபவருக்கு இது பெரும் உதவி. ஆனால் முதலில் அளவுத்திருத்தம் செய்யவேண்டும்: 14 திசைகள், ஒவ்வொன்றிலும் கருவியை நான்கு விதமாகத் திருப்பி, ஆக 56 முறை. மின்கலத்தை மாற்றினால் திருத்தத்தை மீண்டும் சரிபாருங்கள்.

எந்தக் கருவியானாலும் இரும்பு அதற்குப் பகை. எஃகுக் கார்பைனர் (கயிற்றில் மாட்டும் கொக்கி), தலைவிளக்கின் மின்கலப்பெட்டி, பக்கத்தில் நிற்பவரின் சுத்தியல் எல்லாமே முள்ளை இழுக்கும். 10 மீட்டர் நீளத்தில் ஒரு பாகைப் பிழை ஏறத்தாழ 17 சென்டிமீட்டர்தான். ஆனால் விளக்கு எப்போதும் தலையிலேயே இருப்பதால் அதே பிழை ஒவ்வொரு நிலையிலும் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். முன்னோக்கி ஒரு முறை, பின்னோக்கி ஒரு முறை பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 180 பாகையிலிருந்து இரண்டு பாகைக்குமேல் விலகினால் அங்கேயே மீண்டும் எடுங்கள். நாடாவும் திசைகாட்டியும் வைத்தே ஐந்தாம் தர, அதாவது உயர் துல்லிய, குகை அளவை செய்யலாம் என்பதால், வாங்குவதற்கு அவசரம் இல்லை.

ஈரப்பாறை:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி. புதிய பாதை வளைந்து பழைய கூடத்துக்கே வந்து சேரும் என்று சந்தேகிக்கிறோம். அப்படிச் சேர்ந்தும், வரைபடத்தில் இரு முனைகளும் பொருந்தாவிட்டால் பிழை யாருடையது என்று எப்படிக் கண்டறிவது?

காந்தமுள்:

வளையம் கிடைப்பது நல்வாய்ப்பு. முட்டுச்சந்தில் முடியும் பாதையில் பிழை இருப்பதே தெரியாது. சர்வெக்ஸ், தீரியன் போன்ற நிரல்கள் சிறிய விலகலை வளையம் முழுவதும் பகிர்ந்துவிடும். பெரிய விலகல் என்றால் பகிரவிடாமல் முதலில் அதன் திசையைப் பாருங்கள். கிடைமட்டத்தில் நன்றாகப் பொருந்தி, உயரத்தில் மட்டும் 5 மீட்டருக்குச் சற்று அதிகமாக விலகினால், சாய்வின் குறியை யாரோ மாற்றி எழுதியிருக்கலாம்: 10 மீட்டர் நீளமும் 15 பாகைச் சாய்வும் உள்ள ஓர் அளவில் கூட்டலைக் கழித்தலாக எழுதினால் இதே அளவு விலகல்தான் வரும். பக்கவாட்டு விலகலாயின், அதற்குச் செங்குத்தாக ஓடும் நீண்ட அளவுகளின் திசையைச் சந்தேகியுங்கள்.

பழைய அளவையையும் கண்ணைமூடிக்கொண்டு நம்பவேண்டாம். அது எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்று பாருங்கள். காந்த வடக்கு ஆண்டுதோறும் நகர்வதால், அதற்கும் உண்மை வடக்குக்கும் இடையே அப்போது இருந்த விலக்கமும் இப்போதைய விலக்கமும் ஒன்றாக இருக்காது. கற்குவியலுக்கு முன்னால் உள்ள பழைய நிலைகளில் அழியாத அடையாளம் உள்ள இரண்டைத் தேடி, அவற்றுக்கு இடையே ஒரு முறை அளந்து ஒப்பிட்டுவிட்டு, அங்கிருந்தே புதிய அளவையைத் தொடங்குங்கள்.