பாரென்சியாவின் கற்கள்: உங்கள் 24-ஆவது கல் எங்கே கிடந்தது?

#1

ஸ்கைரிம் என்ற வீடியோ கேமில் மந்திரப் பொருள்களுக்குப் பஞ்சமே இல்லை. வாள், மோதிரம், முகமூடி என்று பை நிறைய வைத்திருந்தேன். ஆனால் மனதில் தங்கியது, கையில் ஏந்திச் சண்டை போட முடியாத ஒன்றுதான். பாரென்சியாவின் கற்கள்.

விளையாடியவர்களுக்கு அந்தப் பெட்டி நன்றாகத் தெரியும். சின்னப் பொன்னிறப் பேழை. மூடி திறந்தே இருக்கும். உள்ளே இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த கல். எடுத்தால் 'அன்யூஷுவல் ஜெம்' (வழக்கமில்லாத ரத்தினம்) என்று மட்டும் பெயர் காட்டும். இதை யாரிடமாவது காட்டி மதிப்பு கேள் என்று குவெஸ்ட் (செய்ய வேண்டிய வேலைகள்) பட்டியலில் ஒரு வரி ஏறும். அதோடு சரி. எதற்கு, எங்கே, இன்னும் எத்தனை, எதுவும் சொல்லாது. விற்கவும் முடியாது, கீழே போடவும் முடியாது.

எனக்கு முதல் கல் டிராகன்ஸ்ரீச் அரண்மனையின் மாடியில் கிடைத்தது, வைட்ரன் நகரத்து ஆட்சியாளர் பால்குரூஃபின் படுக்கையறையில். அதை வைத்துக்கொண்டு வெகுநாள் அலைந்தேன். அப்புறம் ரிஃப்டன் நகருக்குள் நுழைந்தபோது மால் என்ற அடியாள் வெக்ஸைப் போய்ப் பார் என்றான். வெக்ஸ் திருடர் சங்கத்துக்காரி. சங்கத்தில் சேராதவனிடம் வாயே திறக்க மாட்டாள். சேர்ந்தேன். அப்போதுதான் சொன்னாள்: இது ஒரு கிரீடத்தில் இருந்து பெயர்த்தெடுத்த கல், மொத்தம் 24.

கையேடு எதையும் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தேன். ஒரு நோட்டில் ஊர் பெயர்களை எழுதி, போன இடத்துக்கெல்லாம் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். 23 வரை வந்துவிட்டது. மிச்சம் ஒன்று. அது எது என்று கேம் காட்டிக்கொடுக்காது.

அந்த ஒன்று யோர்வாஸ்கரில் இருந்தது. கம்பானியன்ஸ் என்ற போர்வீரர் குழுவின் கூடம். கேம் தொடங்கிய முதல் வாரத்திலேயே நான் சேர்ந்த இடம். எத்தனையோ இரவுகள் அங்கேதான் படுத்து எழுந்தேன். கல் இருந்தது குழுத் தலைவர் கோட்லாக் கிழவரின் அறைகளில்.

கம்பானியன்ஸ் கதையை முடித்தவர்களுக்குத் தெரியும். அவர் இறந்த பிறகு, அவரிடம் இருந்த வூத்ராட் கோடரியின் துண்டை எடுத்து வரச் சொல்லிக் கொல்லர் யோர்லண்ட் அனுப்புவார். நான் போனேன். கட்டில் பக்கத்து மேசையைத் திறந்தேன், துண்டை எடுத்தேன். மனது கனத்துப்போய் வேறெதையும் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன். சில அடி தூரத்தில் அந்தப் பெட்டி திறந்து கிடந்திருக்கிறது. பல மாதம் கழித்துத் திரும்பிப் போய் எடுத்தபோது அந்த அறையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். கல்லுக்காக வரவில்லை என்றால் அந்த அறைக்குள் இனி ஒருநாளும் கால் வைத்திருக்க மாட்டேன்.

உங்களுக்கு எது கடைசிக் கல்? எது மறக்க முடியாத கல்? எழுதுங்கள்.

#2

எனக்குக் கடைசிக் கல் நினைவில்லை. ஆனால் ரான்வீக்ஸ் ஃபாஸ்ட் மறக்காது.

பழைய நோர்டிக் கல்லறை. உள்ளே போனதும் ஆவிகள் ஓடி வந்து வெட்டுகின்றன. வெட்டிக்கொண்டே மன்னிப்புக் கேட்கின்றன! எங்களால் நிறுத்த முடியவில்லை, ஓடிப் போய்விடு என்று கெஞ்சுகின்றன. முதலில் வாளை இறக்கிவிட்டேன், அடிக்கவே கை வரவில்லை. கூட இரண்டு வெட்டு வாங்கியதும்தான் வேறு வழியில்லை என்று புரிந்தது.

கடைசிக் கூடத்தில் டிராகன் எழுத்துச் சுவரும் முன்னால் ஒரு பெரிய பெட்டகமும் தெரியும். நேரே பெட்டகத்தை நோக்கி நடந்தேன். காலடியில் தரை திறந்துகொண்டது. விழுந்தது ஒரு கூண்டில். வெளியே நின்றவன் சில்ட் என்ற மந்திரவாதி. அந்த ஆவிகள் எல்லாம் இப்படி ஆசைப்பட்டு வந்து விழுந்தவர்கள்தான், அவனுடைய சோதனைகளுக்குப் பலியானவர்கள். அவன் நாட்குறிப்பைப் படித்தால் குமட்டும்.

அவனை முடித்துவிட்டு அந்த இடத்தை அலசியபோது கல் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தேன். அந்தக் கூடங்களில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி எனக்கு எந்த வெற்றி இசையையும்விடப் பெரிதாக இருந்தது. அந்த ஆவிகளுக்கு விடுதலை கிடைத்ததா என்று கேம் சொல்வதில்லை. கிடைத்தது என்றே நான் வைத்துக்கொண்டேன்.

#3

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று மட்டும். தால்மோர் என்ற எல்ஃப் கூட்டத்தின் தூதரக விருந்துக்குப் போகும் குவெஸ்டில், தப்பிக்கும் வழி நிலவறைக் கதவு வழியாக ஒரு குகைக்குள் இறங்கும். பனி ட்ரோல் என்ற அரக்க மிருகம் ஒன்று இருக்கும். எல்லோரும் அங்கே உயிர் பிழைத்தால் போதும் என்று வாசலைத் தேடி ஓடுவார்கள். ஓடாதீர்கள். ட்ரோலுக்கு நெருப்பு ஆகாது, எட்ட நின்றே நெருப்பு மந்திரத்தால் முடித்துவிடலாம். அப்புறம் நிதானமாகக் குகையைச் சுற்றிப் பாருங்கள். ஒரு கல் அங்கேதான் இருக்கிறது. இதை எடுக்காமல் வெளியே வந்துவிட்டுப் பிறகு தவித்த நண்பர்கள் எனக்கு மூன்று பேர்.

#4

முதல் பதிவர் நோட்டில் எழுதித் தேடியதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஏனென்றால் நான் நேர் எதிராகச் செய்து ஏமாந்தவன்.

கற்கள் இருக்கும் இடங்களை மேப்பில் அம்புக்குறி போட்டுக் காட்டும் மோட் (ரசிகர்கள் செய்த கூடுதல் நிரல்) இருக்கிறது. இரண்டாவது முறை விளையாடியபோது போட்டுக்கொண்டேன். மூன்று நாளில் 24-உம் கைக்கு வந்தன. முதல் முறை ஆறு மாதம் ஆனது. இப்போது இரண்டையும் நினைத்துப் பார்க்கிறேன். மூன்று நாளில் எடுத்த கற்களில் ஒன்றைக்கூட எந்த அறையில் எடுத்தேன் என்று சொல்ல வராது. அம்புக்குறியைப் பார்த்து ஓடினேன், பட்டனை அழுத்தினேன், திரும்பினேன்.

ஆறு மாதத்தில் எடுத்தவை அப்படியில்லை. பைன்வாட்ச் ஒரு சாதாரண வீடு. கீழே இறங்கினால் சின்ன நிலவறை, பீப்பாய்கள், ஒரு அலமாரி. எதுவும் இல்லை என்று இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறேன். மூன்றாவது முறை சுவரோரமாக மெதுவாக நடந்தபோது, அலமாரி பக்கத்தில் ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. அழுத்தினால் அலமாரி நகர்ந்து சுவர் திறக்கிறது. பின்னால் கொள்ளைக்காரர்களின் பெரிய பதுங்குகுழி. அதன் கடைசியில் பொறிகளைத் தாண்டிப் புதையல் அறை, அங்கே கல். அந்தப் பொத்தானைப் பார்த்த நொடியில் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டேன்.

மோட் போடுவது தப்பென்று சொல்ல வரவில்லை. வேலை, குடும்பம் என்று நேரமில்லாதவர்கள் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் முதல் முறை விளையாடும்போது வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

#5

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். 24-உம் சேர்த்துக் கிரீடத்தையும் மீட்டால் கிடைப்பது பிரௌலர்ஸ் ப்ராஃபிட் என்ற பெர்க், அதாவது ஒரு சிறப்புத் திறன். அதற்கப்புறம் திறக்கும் பெட்டகங்களில் ரத்தினங்கள் கொட்டும். ஆறு மாதம் கழித்து அது வந்து என்ன பயன்? அதற்குள் வீடு, கவசம் எல்லாம் வாங்கியாகிவிடும். கையில் காசில்லாத தொடக்க லெவலில்தான் அந்த வரத்துக்கு மதிப்பு. அதனால் நகரங்களுக்குள் சண்டையில்லாமல் எடுக்க முடிந்த கற்களை முதலில் முடித்துவிடுவேன். வின்டர்ஹோல்ட் கல்லூரியில் தலைமை மந்திரவாதியின் அறை, விண்ட்ஹெல்ம் அரண்மனையில் வூன்ஃபெர்த்தின் அறை, மார்கார்த்தில் ட்ரெஷரி ஹவுஸ். சாலிட்யூடில் ப்ரௌட்ஸ்பயர் மாளிகையிலும் ஒன்று உண்டு; 25,000 பொன் கொடுத்து வீட்டை வாங்க வேண்டியதில்லை, பூட்டைத் திறக்கத் தெரிந்தால் போதும்.

#1 (மீண்டும்)

கணக்கு சரிதான், மறுக்க மாட்டேன். ஆனால் நான் அந்த பெர்க்குக்காகத் தேடவில்லை. பெர்க் வந்த பிறகு பை நிறைய ரத்தினம் சேர்ந்தது, விற்கப் போதுமான வணிகர்கள்கூட இல்லை. தேடல் முடிந்துவிட்டதே என்ற வருத்தம்தான் பெரிதாக இருந்தது.

#6

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

டார்க் பிரதர்ஹுட் என்ற கொலையாளிக் கூட்டத்தின் கதையில் ம்யூரி என்ற பெண், தன்னை ஏமாற்றியவனைக் கொல்லச் சொல்வாள். விருப்பப்பட்டால் விண்ட்ஹெல்மில் நில்சின் ஷேட்டர்-ஷீல்ட் என்ற பெண்ணையும் கொல்லலாம், கூடுதல் பரிசு உண்டு. நான் இரண்டையும் செய்தேன். கேம்தானே, பரிசு நன்றாக இருக்கும் என்று மட்டும் நினைத்தேன். நில்சினின் இரட்டைச் சகோதரி ஃப்ரிகா ஏற்கெனவே கொலையுண்டவள் என்பது அப்போது என் மனதில் பதியவே இல்லை.

அப்புறம் கற்களைத் தேடி ஷேட்டர்-ஷீல்ட் குடும்பத்தின் வீட்டுக்குள் இரவில் நுழைந்தேன். கல் மாடி அறையில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நான் பார்த்தது தாய் தோவாவின் உடலை. பக்கத்தில் கடிதம். இரண்டு மகள்களையும் பறிகொடுத்தவள் உயிரை விட்டிருந்தாள்.

கல்லை எடுத்தேன். எடுக்காமல் வந்தால் கிரீடம் முழுமையாகாது. ஆனால் முன்பு சேமித்து வைத்த பழைய சேவ் ஒன்றைத் தேடி, நில்சின் உயிரோடு இருக்கும் இடத்தில் இருந்து திரும்ப விளையாடினேன். பதினைந்து மணி நேர விளையாட்டு போனது. இரண்டாவது முறை அந்த வீட்டுக்குள் போனபோது தோவா உயிரோடு இருந்தாள். அவள் தூங்கும்வரை காத்திருந்து, கல்லை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தேன். அந்த முறைதான் கல்லைக் கையில் எடுத்த திருப்தி இருந்தது.

#7

யாரும் பாரென்சியாவைப் பற்றிப் பேசவில்லையே. நான் அவரை நேரில் பார்த்தவன்.

2002-இல், இதே வரிசையில் ஸ்கைரிமுக்கு முன்பு வந்த மாரோவிண்ட் கேமுக்கு ட்ரைப்யூனல் என்ற தொடர்ச்சி வந்தது. அதில் மோர்ன்ஹோல்ட் அரண்மனைக்குப் போனால் மன்னன் ஹெல்செத்தின் தாயாக பாரென்சியா இருப்பார். டார்க் எல்ஃப் இனத்து அரசி, வயதானவர். இளமையில் ரிஃப்டனில் திருடர்களோடு திரிந்தவர் என்று கதை. நான் அவரிடம் பேசியபோது கல்லூரி மாணவன்.

ஒன்பது வருடம் கழித்து, 2011 நவம்பரில் ஸ்கைரிம் வந்தது. கேமுக்குள் கிட்டத்தட்ட 200 வருடம் ஓடிவிட்டது. வெக்ஸ் 'பாரென்சியா' என்று பெயரைச் சொன்னதும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு அது பட்டியலில் ஒரு பெயர். எனக்கு அது பேசிப் பழகிய ஒருவரின் கிரீடம்.

அதனால் டோல்வால்ட் குகைப் பயணம் எனக்கு வேறு மாதிரி. 24 கற்களும் சேர்ந்த பிறகு, கல்லில்லாத வெறும் கிரீடத்தை எடுக்கப் போக வேண்டிய இடம். ஆழமான குகை, வழி நெடுக ஃபால்மர்கள் என்ற குகைவாசிகள். கண் தெரியாதவர்கள், காலடிச் சத்தம்தான் அவர்களுக்குக் கண். விளக்கை அணைத்து, குனிந்து, சுவரோரமாக ஒரு மணி நேரம் நகர்ந்தேன். முழுக்க வில்லை மட்டும் வைத்து முடித்தேன். அடியில் கிரீடம் கிடந்தது.

வெக்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் கற்களைப் பதித்துச் சங்கத்தின் நிலவறையில் வைத்துவிடுகிறார்கள். நம் தலையில் வைத்துப் பார்க்க முடியாது. நிறைய பேருக்கு இது குறை. எனக்கு இல்லை. அவர் இளமையில் திரிந்த ஊருக்கே அது திரும்பி வந்தது. அடுத்து எப்போது ரிஃப்டன் போனாலும் அதைப் பார்க்காமல் வருவதில்லை.

#8

எல்லோருக்கும் வணக்கம். நான் இப்போது 23-இல் நிற்கிறேன். இரண்டு வாரமாக ஒன்றே ஒன்று கிடைக்கவில்லை. மேலே சொன்ன இடங்கள் எல்லாம் முடித்தாயிற்று. டெய்ன்ட்டி ஸ்லோட் கப்பல், யிங்வில்ட், ஹாப்ஸ் ஃபால் குகை, டெட் க்ரோன் ராக் உச்சி, ஸ்டோனி க்ரீக், ட்வெமர் அருங்காட்சியகம், எல்லாம் பார்த்துவிட்டேன். இடத்தை நேராகச் சொல்ல வேண்டாம், ஒரு குறிப்பு மட்டும் தாருங்கள்.

#4 (மீண்டும்)

குறிப்பு மட்டும்தான்: வைட்ரன் நகரத்தில் மூன்று கற்கள் உண்டு. நீங்கள் எத்தனை எடுத்தீர்கள்?

#8 (மீண்டும்)

டிராகன்ஸ்ரீச், யோர்வாஸ்கர். இரண்டுதான்! மூன்றாவதா? அந்த ஊரில் நான் நுழையாத வீடே இல்லை என்று நினைத்தேனே.

#1 (மீண்டும்)

உயிரோடு இருப்பவர்களின் வீடுகளை மட்டும் பார்த்தீர்களா?

#8 (மீண்டும்)

புரிந்துவிட்டது. ஹால் ஆஃப் தி டெட், இறந்தவர்களை வைக்கும் மண்டபம். நூறு முறை அந்தக் கதவைத் தாண்டி நடந்திருக்கிறேன், ஒரு முறைகூடத் திறந்ததில்லை. இப்போது உள்ளே போனேன். பூசாரி ஆண்டர்ஸ் தன் தாயத்தைக் கீழே கல்லறைக்குள் விட்டுவிட்டாராம், எடுத்துத் தரச் சொன்னார். இறங்கினேன். எலும்புக்கூடுகள் எழுந்து வந்தன, முடித்தேன். தாயத்தும் கிடைத்தது. தூசி படிந்த அந்த அறைகளில் ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

பெட்டி திறந்தே இருந்தது. எடுத்துவிட்டேன். 24.

முதலில் அந்தத் தாயத்தைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, அப்புறம் ரிஃப்டனுக்குக் கிளம்புகிறேன். குதிரையில்தான் போகப் போகிறேன், ஃபாஸ்ட் டிராவல் (மேப்பில் அழுத்தி நொடியில் போய்ச் சேர்வது) இல்லை.