பழவேற்காடு, நேலப்பட்டு: ஒரே நாளில் இரண்டும் முடியுமா?

முகப்பேர்வாசி கேட்டது:

வணக்கம். பொங்கல் விடுமுறையில் பழவேற்காடு ஏரிப் பக்கம் ஒரு நாள் போய்வர நினைக்கிறோம். மொத்தம் ஆறு பேர். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, மூட்டுவலி இருப்பதால் ரொம்ப தூரம் நடக்க முடியாது. சின்னவளுக்கு எட்டு வயது, பூநாரை பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள். வாடகை வண்டிதான்.

போட்டு வைத்திருக்கும் பட்டியல்: டச்சுக் கல்லறை, கலங்கரை விளக்கம், ஏரியில் படகு, பூநாரை, நேலப்பட்டு பறவைகள் சரணாலயம், நேரம் மிஞ்சினால் தடா அருவி. காலை ஏழு மணிக்குக் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். எந்த வரிசையில் போனால் சரியாக வரும்? பழக்கப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

உப்பங்கழி எழுதியது:

எந்த வரிசையில் போனாலும் வராது சார். வரைபடத்தில் எல்லாம் ஒரே ஏரியைச் சுற்றித்தானே இருக்கிறது, கரையோரமாகவே போய்விடலாம் என்று தோன்றும். கரையோரமாக நல்ல நேர்சாலை கிடையாது. பழவேற்காடு ஊர் ஏரியின் தெற்குக் கோடியில், தமிழ்நாட்டில் இருக்கிறது. சூலூர்பேட்டையும் நேலப்பட்டும் மேற்குக் கரையில் வடக்கே தள்ளி, ஆந்திராவில். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக, பொன்னேரிக்குத் திரும்பி, தச்சூர் கூட்டுரோட்டில் கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்து, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா என்று மறுபடி மேலே ஏறவேண்டும். கிராமத்துச் சாலைகளில் குறுக்கே போகப் பார்த்தால் நேரம்தான் போகும்.

ஆகவே இதை இரண்டு பயணமாகப் பிரியுங்கள். தெற்குப் பயணம் என்பது பழவேற்காடு ஊர்: கல்லறை, பழைய கோயில், மீன் இறங்குதுறை, கலங்கரை விளக்கம். வடக்குப் பயணம் என்பது சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் ஏரிச்சாலை, பிறகு நேலப்பட்டு. குழந்தைக்குப் பூநாரைதான் முக்கியம், அப்பாவால் நடக்க முடியாது என்றால் யோசிக்கவே வேண்டாம், வடக்குதான். ஏரிக்கு நடுவே சாலை போகிறது. வண்டியில் உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் பறவை பார்க்கலாம். பழவேற்காடு ஊருக்குள் போய்ப் பூநாரையைத் தேடுகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள். அந்தக் கோடியில் முகத்துவாரம் அருகில், தண்ணீர் ஆழம், படகு நடமாட்டமும் அதிகம். பறவை அங்கே கூட்டமாக நிற்பது குறைவு.

ஏழு மணிக்குக் கிளம்பினால் பாதி நாள் வீண். நாலரைக்குக் கிளம்புங்கள். சென்னையிலிருந்து சூலூர்பேட்டை சுமார் 80 கி.மீ. ஏழு மணிக்குள் ஏரிச்சாலையில் இருக்கவேண்டும். ஒன்பதரைக்கு மேல் வெயில் ஏறி, தண்ணீருக்கு மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். அதன்பிறகு எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்து எடுத்தாலும் படம் குழைந்துதான் வரும். அது லென்ஸின் குறை இல்லை.

தடா அருவியை மறந்துவிடுங்கள். அது காட்டுக்குள் பாறைமேல் நடந்து போகவேண்டிய இடம். மூட்டுவலி இருப்பவருக்கு ஆகாது, அதற்கே தனியாக ஒரு நாள் வேண்டும்.

கூழைக்கடா எழுதியது:

உப்பங்கழி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த ஏரிக்குத் தேதி பார்த்துப் போகக்கூடாது, தண்ணீர் பார்த்துப் போகவேண்டும்.

ஏரியின் பெரும்பகுதி சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்கூட இருக்காது. பூநாரை நடந்து மேயும் பறவை. அதன் காலுக்கு எட்டும் ஆழத்தில்தான் நிற்கும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஆரணியாறும் காளங்கியும் நிறைய நீர் கொண்டுவந்தால், ஜனவரியிலும் ஏரி ததும்பி நிற்கும். அப்போது பறவைகள் தொலைவில் மேடான இடங்களைத் தேடிப் போய்விடும், நமக்குத் தெரிவது அடிவானத்தில் ஒரு வெளிர்கோடு மட்டும். பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் வற்ற வற்ற, சாலைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். மழை குறைந்த ஆண்டில் பொங்கலுக்கே அந்த நிலை வந்துவிடும்.

போய் நின்றதும் கண்டுபிடிக்க ஒரு வழி: சாலைச் சரிவின் கல்லில் நேராக அலை தட்டினால் ஆழம் அதிகம், அங்கே காத்திருக்காமல் நகருங்கள். சரிவுக்கும் தண்ணீருக்கும் நடுவே சேற்றுப் பட்டை தெரிந்தால் அங்கே நிதானமாகத் தேடுங்கள். அந்தச் சேற்றில் வட்டமாக, நடுவில் மேடு விட்டுச் சுற்றிலும் பள்ளம் விழுந்த தடங்கள் இருக்கிறதா பாருங்கள், உளுந்துவடையை அழுத்தி எடுத்த மாதிரி இருக்கும். பூநாரை ஒரே இடத்தில் நின்று காலால் மிதித்துச் சேற்றைக் கிளப்பி, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கைப் பம்ப் மாதிரி இயக்கித் தண்ணீரை வடிகட்டும். மிதித்தபடியே வட்டம் சுற்றுவதால் விழும் தடம் அது. பாப்பாவுக்கு இதைக் காட்டுங்கள், பறவையைவிட இதை நன்றாக ஞாபகம் வைத்திருப்பாள்.

கூட்டத்தில் சாம்பல்-பழுப்பாக நிற்பவை வேறு பறவை இல்லை, குஞ்சுப் பருவம் தாண்டிய இளம் பூநாரைகள். பாசியும் சிறு இறால் இனங்களும் தின்னத் தின்னத்தான் இறகில் ரோஜா நிறம் ஏறும். இங்கே அவை கூடு கட்டுவதில்லை, இரைக்காக வருபவை.

வெளிச்சம் பற்றி: ஏரிச்சாலை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. ஜனவரியில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்தே போகும். அதனால் சாலையின் வடபக்கம் உள்ள பறவைகள்மேல் எப்போதும் வெளிச்சம் விழும். தென்பக்கம் பார்த்தால் கருநிழலாகத்தான் தெரியும். போகும்போது கிழக்கு வெயில் ஓட்டுநரின் கண்ணில் அடிக்கும், நிதானமாகப் போகச் சொல்லுங்கள். 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்குவது) ஒன்று போதும், குழந்தையாலும் பிடிக்க முடியும். 10 மடங்குக்கு மேல் போனால் கை நடுங்கி ஒன்றும் தெரியாது.

நேலப்பட்டுக்கு இப்படி அவசரம் வேண்டாம். அது நன்னீர்க் குளம், தண்ணீரில் நிற்கும் மரங்கள்மேல் கூழைக்கடா (பெலிக்கன்), நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா (இராக்கொக்கு) எல்லாம் கூடு கட்டும். கூழைக்கடாக்கள் பழவேற்காடு ஏரியில் மீன் பிடித்து, பறந்துவந்து இங்கே குஞ்சுக்கு ஊட்டுகின்றன. ஏரி சமையலறை, நேலப்பட்டு தொட்டில். இந்தத் தொடர்பு புரிந்தால்தான் இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பார்ப்பதற்கு அர்த்தம் வரும். கூட்டில் குஞ்சு இருப்பதால் நடுப்பகலிலும் பார்க்க நிறைய இருக்கும். சூலூர்பேட்டையில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போங்கள், நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 20 கி.மீ. உள்ளே பாதை சமதளம்தான். பார்வைக் கோபுரத்துக்குத்தான் படி ஏறவேண்டும், அப்பா கீழேயே இருந்தாலும் கரையிலிருந்து நிறையக் கூடுகள் தெரியும். கத்தவோ கை தட்டவோ கூடாது. பெரிய பறவை பதறி எழுந்தால் அந்த நிமிடத்தில் காக்கை வந்து முட்டையைத் தூக்கிவிடும்.

முகப்பேர்வாசி:

ரொம்ப நன்றி. வடக்கு என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் மனைவிக்கு டச்சுக் கல்லறையும் படகும் பார்க்கவேண்டும் என்று ஆசை. அதைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொண்டால் என்ன பார்க்கலாம்? படகு இப்போது விடுகிறார்களா?

இறங்குதுறை எழுதியது:

முதலில் படகு. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். கரையில் யாராவது வந்து, முகத்துவாரம் வரை கூட்டிப்போகிறேன் என்று கூப்பிட்டால் ஏறாதீர்கள். அவை மீன்பிடிக்கக் கட்டிய ஃபைபர் படகுகள். பக்கச்சுவர் தாழ்வு, உட்காரப் பலகை கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. முகத்துவாரத்தில் வற்றுநீர் வெளியே இழுக்கும்போது கடல் அலை எதிரே வந்து மோதும். அந்த இடத்தில் பறவை தெரிகிறது என்று எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் முடிந்தது. உயிர்காப்புச் சட்டை கொடுத்தாலும் வேண்டாம்.

கடலில் குளிப்பதும் அப்படித்தான். கலங்கரை விளக்கக் கடற்கரை பார்க்க அமைதியாக இருக்கும். முகத்துவாரம் பக்கம் மணல்திட்டு அடிக்கடி இடம் மாறும், நேற்று இடுப்பளவு இருந்த இடம் இன்று ஆளை மூழ்கடிக்கும். காலை நனைப்பதோடு நிறுத்துங்கள். காணும் பொங்கலன்று மட்டும் வரவே வேண்டாம், சாலையே அடைத்துவிடும்.

இனி கல்லறை. டச்சுக்காரர்கள் இங்கே 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள், சென்னையில் ஜார்ஜ் கோட்டை வருவதற்கு முன்பே. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். பழையகாட் லுங்கி என்று சொல்கிறோமே, அந்தப் பெயரும் இந்த ஊரிலிருந்து கிளம்பியதுதான். கோட்டை இருந்த இடத்தில் இன்று புதரும் அகழியின் தடமும்தான் மிச்சம். அதைத் தேடி அலைய வேண்டாம், புதருக்குள் பாம்பு இருக்கும். கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டுச் சிற்பம் நிற்கும். உள்ளே 17-ஆம் நூற்றாண்டுக் கருங்கல் பலகைகள், குலச்சின்னமும் மண்டையோடும் டச்சு எழுத்தும் செதுக்கியவை.

அந்த எழுத்து குழித்து வெட்டியது இல்லை, புடைப்பாக விட்டுச் சுற்றிலும் கல்லைக் கழித்தது. அதனால் உச்சி வெயிலில் போனால் வெறும் கருப்புக் கல்தான் தெரியும். காலை ஒன்பதுக்கு முன்போ மாலை நாலுக்கு மேலோ போங்கள். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழுந்து வரி வரியாக எழுந்து நிற்கும். கல்மேல் ஏறி நிற்காதீர்கள், எழுத்து தெரியவேண்டும் என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள். பக்கத்தில் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரலளவு சிற்பங்களாக ராமாயணக் காட்சிகள் இருக்கின்றன, அதைத் தவறவிடக்கூடாது. பகலில் நடை சாத்தியிருக்கும், அதற்கும் காலையில் போவதே நல்லது.

ஏரியில் வரிசையாகக் கழி நட்டு வலை கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். அது யார் வேண்டுமானாலும் கட்டும் வலை இல்லை. 'பாடு' என்ற பழைய முறைப்படி எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை விடுவது என்று ஊர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்கின்றன. புகைப்படத்துக்காகக் கழியைப் பிடித்து ஆட்டினாலோ வலை ஓரமாக இறங்கி நடந்தாலோ ஒரு குடும்பத்தின் அன்றைய முறை கெடும்.

நண்டு வாங்குவதானால் கடைசிக் கால் முளைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டின் அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் புதிதாகத் தோல் உரித்த நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். கல் மாதிரி இருந்தால் எடுங்கள். உயிரோடு கொண்டுபோக ஈரச் சாக்கு போதும், பிளாஸ்டிக் பையில் கட்டினால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். இறாலுக்கு ஐஸ் பெட்டி கட்டாயம்.

உப்பங்கழி எழுதியது:

வண்டி விஷயம் ஒன்று விட்டுப்போனது. வாடகை வண்டி என்கிறீர்கள். மஞ்சள் பலகை வண்டி ஆந்திர எல்லைக்குள் போக அந்த மாநிலத்து அனுமதியும் வரியும் வேண்டும். பேசும்போதே "நேலப்பட்டு, சூலூர்பேட்டை, ஆந்திரா" என்று தெளிவாகச் சொல்லி, அனுமதிக் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா என்று கேட்டுவிடுங்கள். பாதி வழியில் ஓட்டுநர் தடாவோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். தெற்குப் பயணத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்தில்கூடப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு, திரும்பும் வண்டியை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிச்சாலையில் நிறுத்தும்போது நாலு சக்கரமும் சாலையை விட்டு இறங்கவேண்டும், ஆனால் கெட்டியான மண்ணில் மட்டும். விண்வெளி மையத்துக்குப் போகும் பெரிய வண்டிகள் வேகமாக வரும், பாப்பாவைச் சாலைப் பக்கக் கதவு வழியாக இறக்காதீர்கள். வற்றிய ஏரிப்படுகை வெடித்துக் காய்ந்து கெட்டியாகத் தெரியும். மேல் ஓடு இரண்டு விரல் கனம், அதற்குக் கீழே கருஞ்சேறு. அதில் வண்டியை இறக்கினால் டிராக்டர் வந்துதான் இழுக்கவேண்டும். நடந்து இறங்கினாலும் பறவை கூட்டமாக எழுந்து போய்விடும்.

ட்ரோன் எடுத்துவர வேண்டாம், விண்வெளி மையத்தின் பக்கத்தில் அது பெரிய வம்பாகிவிடும். நிழல் எங்கும் கிடையாது, கழிப்பிடமும் நெடுஞ்சாலையோடு சரி. தொப்பி, தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அப்பாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் ஏரிச்சாலையில் நெரிசலும் கட்டுப்பாடும் இருக்கும், நாளை மாற்றிவிடுங்கள்.

முகப்பேர்வாசி:

குறித்துக்கொண்டேன். அப்படியானால் பொங்கலை விட்டுவிட்டு பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை, வடக்குப் பயணம், நாலரைக்குக் கிளம்புகிறோம். வண்டிக்காரரிடம் அனுமதி பற்றி இன்றே பேசிவிடுகிறேன்.