கீழாநெல்லியும் ஹெபடைடிஸ் பி தொற்றும்: 1988 சென்னை ஆய்வை எப்படி மதிப்பிடுவது?

வயல்வரப்பு:
கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியின் தொற்று நாள்பட்டுப் போனவர்களுக்கும் கீழாநெல்லி மட்டும் போதும் என்பவர்கள், 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த சென்னை ஆய்வையே சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த ஆய்வு எதை நிறுவியது, பின்னர் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்தனவா என்பதைத் துறை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பொருநை:
நான் சித்த மருத்துவம் பயின்றவன். அந்த ஆய்வு ஊர்ப்பேச்சை நம்பி எழுதப்பட்டது அன்று. ஹெபடைடிஸ் பி கிருமியின் மேற்பரப்பு ஆன்டிஜனை (இரத்தத்தில் தொற்று இருப்பதைக் காட்டும், கிருமியின் வெளிப்புறப் புரதம்) கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் சேர்ந்து செய்தது. வேர் நீக்கிய செடியை உலர்த்திப் பொடித்து, 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 30 நாள்கள் கொடுத்தார்கள். மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் ஆன்டிஜன் மறைந்தது. ஒப்பீட்டுக்காகக் கொடுத்த, மருந்துப்பொருள் இல்லாத போலி மருந்தை உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, இச்செடியின் சாறு கிருமி பெருகத் தேவையான டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியைத் தடுக்கிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குவது நியாயமாகாது.

மருந்தியலாள்:
எண்களைச் சரியாகவே சொன்னீர்கள், ஐயா. நாள்பட்ட தொற்றில் ஆன்டிஜன் தானாக மறைவது ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத்தான். ஒரு மாதத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மறைந்தது என்றால், அது உலகையே திரும்பிப் பார்க்க வைக்க வேண்டிய முடிவு. திரும்பிப் பார்க்கவும் செய்தார்கள். 1990இல் தாய்லாந்தில் அறிகுறியற்ற தொற்றாளர்களுக்கு இதே செடியைக் கொடுத்துச் சோதித்தபோது, ஆன்டிஜனை அது நீக்கவில்லை. வேறு இடங்களிலும் அந்த வெற்றி திரும்பக் கிட்டவில்லை. போலி மருந்தைவிடக் கீழாநெல்லி பயன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2011இல் வெளிவந்த, பல ஆய்வுகளை ஒருசேர மதிப்பிட்ட காக்ரேன் தொகுப்பாய்வும் முடித்தது.

ஆய்வகச் சான்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இச்செடியில் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற லிக்னன் வகைத் தாவரப் பொருள்களும், ஜெரானின், கோரிலாஜின் போன்ற டானின்களும் (துவர்ப்புப் பொருள்கள்) உள்ளன. டானின்கள் எந்தப் புரதத்தோடும் எளிதில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. ஆகவே சோதனைக்குழாயில் ஒரு நொதியை அவை முடக்கினால், அக்கிருமிக்கே உரிய மருந்து கிடைத்துவிட்டது என்று கொள்ள இயலாது. அவற்றை வாய்வழியே உண்டால் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துவிடுகிறது. கல்லீரலை எட்டுவது எந்தப் பொருள், எவ்வளவு என்பதைக் காட்டாமல் ஆய்வகத் தடுப்பை மருத்துவப் பயனாக எண்ணுவது பிழை.

பொருநை:
நொதித் தடுப்பு மட்டுமே சான்று அன்று. கல்லீரல் உயிரணுக்களில் கிருமியின் மரபுச் செய்தி படியெடுக்கப்படுவதையே இச்சாறு குறைக்கிறது என்று 1990களில் காட்டினார்கள். அதைவிட முக்கியமானது, எல்லா இடத்திலும் சோதித்தது ஒரே மருந்துதானா என்ற கேள்வி. 1987 ஆய்வுக்கட்டுரை செடியை ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற இனமாகக் குறித்தது. மறு ஆண்டுக் கட்டுரை ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்ற இனமாகக் குறித்தது. தென்னிந்தியக் கடைச்சரக்கை மரபணு முறையில் ஆராய்ந்தபோது, கீழாநெல்லி என்று விற்றதில் மேலாநெல்லி உள்ளிட்ட பிற இனங்களும் இருந்தன. சீனாவில் வெவ்வேறு இடங்களில் கிடைத்த மூன்று தயாரிப்புகளை ஒப்பிட்டபோது பலன்களும் வேறுபட்டன. மண், பருவம், உலர்த்தும் முறை மாறினால் சரக்கின் வீரியம் மாறும் என்பது எங்கள் மரபின் அடிப்படைப் பாடம். சரக்கை நிலைப்படுத்தாமல், அதாவது இனமும் வீரியமும் ஒரே சீராக இருப்பதை உறுதி செய்யாமல், செய்த ஆய்வு தோற்றால், தோற்றது அந்தச் சரக்குத்தான்.

மருந்தியலாள்:
இந்த வாதத்தின் முதற்பாதியை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அதே அளவுகோலை வெற்றி கண்ட ஆய்வுக்கும் வைக்க வேண்டும். சரக்கு நிலைப்படுத்தப்படவில்லை என்றால், 1988இல் பயன் தந்தது எது என்பதும் நமக்குத் தெரியாது.

சர்ப்பகந்தி என்ற மூலிகையின் வரலாற்றைப் பாருங்கள். 1949இல் மும்பையின் ருஸ்தம் வகில், இரத்த அழுத்த நோயாளிகளுக்கு அதன் வேரைக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார்; 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரில் பயன் தரும் ரெசர்பைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பின் அளவும் பலனும் பக்கவிளைவும் எங்கும் ஒரே வகையில் மதிப்பிடக் கூடியவையாயின. கீழாநெல்லியில், பயன் தரும் பொருளைப் பிரித்தெடுக்கும் அந்த இரண்டாம் படி இன்னும் ஏறப்படவில்லை.

கூடல்நகர்:
ஒரு செவிலியராக என் கவலையைச் சொல்கிறேன். காமாலைக்குக் கீழாநெல்லி கைகண்ட மருந்து என்ற பெயர் நம் ஊர்களில் நிலைத்ததற்குப் பெருங்காரணம், ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானே குணமாவதுதான். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஹெபடைடிஸ் பி தொற்றும் நூற்றில் 95 பேர் அளவில் தானாக நீங்கிவிடுகிறது. ஆனால் பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றுப் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் கல்லீரல் இறுக்கத்திலும் புற்றுநோயிலும் முடியக்கூடும். அத்தகையவர் டெனோஃபோவிர் என்ற கிருமி எதிர்ப்பு மருந்தைத் தாமாக நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறினால், கிருமி திடீரெனப் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் விவாதத்தைப் படிக்கும் தொற்றாளர் ஒருவர் எந்த முடிவுக்கு வருவார் என்பதையும் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

பொருநை:
அம்மா, ஆங்கில மருந்தை நிறுத்திவிட்டு வரும்படி நான் எவருக்கும் சொல்வதில்லை. அப்படிச் சொல்பவர்கள் எங்கள் மருத்துவத்துக்கே கேடு செய்கிறார்கள். மருந்தியலாள் குறித்த அதே காக்ரேன் தொகுப்பில், கிருமி எதிர்ப்பு மருந்தோடு கீழாநெல்லியைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளில் சாதகமான போக்கு தெரிந்தது. அவற்றின் தரம் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது, தரமான ஆய்வை அந்த வழியில் நடத்த வேண்டும் என்பதே.

மருந்தியலாள்:
அதற்கு எனக்கு மறுப்பு இல்லை. செடியின் இனத்தை மரபணுவால் உறுதி செய்து, ஃபில்லாந்தின், ஜெரானின் அளவுகளை ஒவ்வொரு தொகுதியிலும் அளந்து, எல்லோரும் டெனோஃபோவிரைத் தொடர, ஒரு பாதிக்கு மூலிகையும் மறுபாதிக்கு அதே கசப்புள்ள போலி மருந்தும் கொடுக்க வேண்டும். மேற்பரப்பு ஆன்டிஜன் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்காமல் அதன் அளவையும் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும்; 30 நாள்களில் நிறுத்தாமல் ஓராண்டாவது நடத்த வேண்டும். அதுவரை 1988 முடிவை மறு உறுதி பெறாத ஒரு முடிவு என்றுதான் நான் மாணவர்களுக்குச் சொல்வேன்.

பொருநை:
ஓராண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் உலர்ந்த பொடியை மட்டும் சோதிப்பது போதாது. பச்சைச் செடியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பதே எங்கள் வழக்கம் என்பதால், அதற்கும் ஒரு தனிப் பிரிவு வேண்டும்.