தேங்கா களத்துல நிறுத்தி ஹெட்லைட் செட் பண்றதா?

காங்கேயத்துக்காரன்:
"25 அடி தள்ளி ஒரு சுவரு, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ரெண்டு துண்டு டேப்பு, அஞ்சு நிமிசம்"னு நேத்து ஒருத்தர் எழுதிவெச்சாரு. அதும் கொப்பரை காயப்போடற களத்துல நிறுத்தி! ஏனுங்க, மழைத்தண்ணி வடியோணும்னே வாட்டம் விட்டுக் கட்டறது களம். 25 அடிக்கு லைட்டு எறங்க வேண்டியதே 2 இஞ்சு. அதை வாட்டமே முழுங்கீராதுங்களா? ராத்திரி தாராபுரம் ரோட்டுல எதுக்க வர்ற வண்டியெல்லாம் கண்ணைக் கூச வெக்கறது இப்படித்தான்.

தென்னந்தோப்பு:
அந்த ஒருத்தர் நாந்தானுங்க, பேரச் சொல்லியே திட்டலாம். பல்பு உசரத்துக்குச் சுவத்துல ஒரு டேப்பு, 2 இஞ்சு கீழ இன்னொண்ணு. டிம்ல போட்டு, வெளிச்சத்தோட மேல்கோடு கீழ் டேப்புல நிக்கறவரைக்கும் ஹெட்லைட்டு ஸ்க்ரூவத் திருகோணும். எடதுபக்கம் கோடு மேல ஏறித்தான் போகும், அதப் பாத்துத் திருகக்கூடாது. டயர்ல காத்து சரியா இருக்கோணும், டிரைவர் சீட்டுல ஆள் உக்காரோணும், லைட்ட ஏத்தி எறக்க வண்டிக்குள்ள இருக்கற லெவலர் 0-ல இருக்கோணும். எல்லாம் எழுதியிருந்தனே?

காங்கேயத்துக்காரன்:
களம் மட்டம்னு எங்க எழுதியிருந்தீங்க?

எட்டாம்நம்பர் ஸ்பேனர்:
வாட்டம் ஒரே சீரா இருந்தா பிரச்சினையில்லீங்க. வண்டியும் அதே சரிவுல நிக்குது, சுவத்துல உசரமும் அதே தரையிலிருந்துதான் அளக்கறோம். நடுவுல தரை ஒடிஞ்சிருந்தாத்தான் தப்பு வரும்.

காங்கேயத்துக்காரன்:
ரசமட்டம் வெச்சுப் பாத்தீங்களா, இல்ல திண்ணைல உக்காந்து சொல்றீங்களா? 12 வருசம் பட்டறைல நின்னவனுக்குப் பாடமா?

எட்டாம்நம்பர் ஸ்பேனர்:
மெக்கானிக் பட்டறைங்களா, லேத்துப் பட்டறைங்களா?

காங்கேயத்துக்காரன்:
எதா இருந்தா உங்களுக்கென்னுங்க. களம் மட்டமா, அதச் சொல்லுங்க.

தென்னந்தோப்பு:
இவரு பேச்சக் கேட்டுத்தான் போன சித்திரைல போர் மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் மாத்துனேன். மோட்டாருக் கம்பிச்சுருளே கருகிப்போச்சு. இப்பக் களத்துக்கு வந்துட்டாரு.

காங்கேயத்துக்காரன்:
நாஞ்சொன்ன அளவு வேற, நீங்க போட்டது வேற. அத எதுக்கு இங்க இழுக்கறீங்க?

பல்லடத்து அம்மிணி:
சண்டைய நிறுத்திட்டு இதச் சொல்லுங்க. பின்னால நாலு மூட்டை ஏத்துனா எங்க வண்டி லைட்டு பனைமரத்து உச்சியத்தான் பாக்குது.

எட்டாம்நம்பர் ஸ்பேனர்:
லெவலரை 2, 3-ன்னு திருகுனா எறங்கிருமுங்க. ஸ்க்ரூவத் தொடாதீங்க. ஆனா ஹாலஜனுக்குன்னு செஞ்ச கூட்டுல எல்ஈடி பல்பு மாட்டியிருந்தா வெளிச்சம் செதறித்தான் போகும், எத்தனை திருகுனாலும் ஆகாது. தென்னந்தோப்பாரே, உங்குளுது என்ன பல்புங்க?

தென்னந்தோப்பு:
அது எதுக்குங்க இப்ப?

பல்லடத்து அம்மிணி:
ஓ.

காங்கேயத்துக்காரன்:
பல்பு கெடக்கட்டும். ரெண்டு நாளாக் கேக்கறேன், பதிலக் காணோம். டியூப்மட்டம் எங்கிட்ட இருக்குது, ஞாயித்துக்கெழமை நானே எடுத்துட்டு வர்றேன். களம் எங்கீங்க?

தென்னந்தோப்பு:
களத்துல கொப்பரை காயுது. அள்ளுனதுக்கப்புறம் வாங்க.

காங்கேயத்துக்காரன்:
பாத்தீங்களா, மட்டமில்ல.