பூட்டிய வீட்டில் புல்லட்: டாங்கை நிரப்பிவிட்டுப் போவதா, வடித்துவிட்டுப் போவதா?

பள்ளத்தூர்350:
வண்டி புல்லட் 350, பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின், ஸ்பார்க்குக்குக் காண்டாக்ட் பாயிண்ட் வைத்த மாடல். பங்குனித் திருவிழா முடிந்து வீட்டைப் பூட்டினால் பிள்ளையார் நோன்புக்குத்தான் திறப்போம். எட்டு, ஒன்பது மாசம். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க வண்டி முகப்பில் ஆத்தங்குடி டைல்ஸ் மேல் நிற்கும். டாங்கை நிரப்பிவைக்கச் சொல்பவர்களும் உண்டு, சொட்டு விடாமல் வடிக்கச் சொல்பவர்களும் உண்டு. எது சரி, ஏன் என்று விளக்கமாகச் சொல்லுங்கள்.

கண்டனூர் காஸ்ட்அயர்ன்:
நிரப்புங்கள். இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால்தான் துரு. துருவேறிய டாங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் பெட்ரோல் மட்டத்துக்கு மேலே, காற்றுப்பட்ட தகடுதான் முதலில் செம்மண் நிறத்துக்கு மாறியிருக்கும். பகல் சூட்டில் டாங்குக்குள் இருக்கும் காற்று விரிந்து மூடித் துளை வழியே போகும், ராத்திரி குளிர்ந்ததும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கார்த்திகை மழையில் அந்தக் காற்றோடு வருவது ஈரம். நிறைந்த டாங்கில் இழுக்க இடம் மிகக் குறைவு.

கழுத்துக்கு ஒரு விரற்கடை கீழே வரை ஊற்றுங்கள், விரிய இடம் வேண்டும். பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரை டப்பாவில் போட்ட அளவுக்குக் கலந்து பத்து நிமிஷம் ஓட்டினால் கார்ப்பரேட்டர் வரை போய்ச் சேரும். பிறகு பெட்ரோல் டேப்பை மூடி, கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைக் கழற்றி வடித்துவிடுங்கள். அந்தக் கிண்ணத்தில் நிற்கிற கொஞ்சூண்டு பெட்ரோல்தான் முதலில் காய்ந்து பிசினாகும். மெது ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துளை மயிரிழைதான். அடைத்துக்கொண்டால் சோக்கை எடுத்ததும் வண்டி அணைந்துவிடும்.

தேவகோட்டை ரஸ்தா:
கிண்ணத்தை வடிக்கிறது சரி அண்ணே. டாங்கை நிரப்பச் சொல்றது எத்தனால் கலக்காத பெட்ரோல் காலத்துப் பேச்சு. இப்ப பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால். பழைய மாடல் டேப் வாஷர், பெட்ரோல் டியூப், ஃப்ளோட் நீடில் (கிண்ணம் நிரம்பினதும் பெட்ரோலை நிறுத்தற ஊசி) முனை ரப்பர் எதுவும் இதுக்காகச் செய்தது இல்லை. எட்டு மாசம் ஊறினா ரப்பர் உப்பும், பிறகு காய்ஞ்சா வெடிக்கும்.

டேப் மூடியிருக்குன்னு நம்பாதீங்க. தேய்ஞ்ச டேப் மெதுவா கசியும். நீடில் பிடிக்கலைன்னா கிண்ணம் நிரம்பி, ஒண்ணு கீழே தரையில சொட்டும், இல்லைன்னா இன்லெட் வழியா சிலிண்டருக்குள்ள இறங்கி ஆயிலைத் தண்ணியாக்கும். ஆள் இல்லாத வீட்டுல 14 லிட்டர் பெட்ரோல். ஆவி காத்தை விடக் கனம், தரையோட தரையா வளவு (உள்முற்றம்) வரைக்கும் ஊர்ந்து போகும். கதவைத் திறந்ததும் முதல்ல சாமி விளக்கைத்தான் ஏத்துவாங்க. இதை யோசிச்சுப் பாருங்க.

கண்டனூர் காஸ்ட்அயர்ன்:
தம்பி, தீ பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் காலி டாங்க் பத்திரம் என்று நினைப்பதும் தப்பு. வடித்த கையோடு மூடிய டாங்கில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். தீப்பொறி பட்டால் நிறைந்த டாங்கை விட அதுதான் வெடிக்கும்.

எத்தனால் ஈரத்தை இழுத்துத் தண்ணீராகப் பிரிந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். 20 சதவீதக் கலவை, 10 சதவீதக் கலவையை விட அதிகத் தண்ணீரைத் தாங்கிய பிறகுதான் பிரியும். மூடித் துளை வழியாக அவ்வளவு ஈரம் எட்டு மாசத்தில் ஏறாது. வடித்துவிட்டு எண்ணெய் பூசாமல் வைத்த தகடு ஒரு மழைக்குத் தாங்காது. இன்னொன்று, இழுத்துத் திறக்கிற பழைய டேப்பில் உள்ளே கார்க் இருக்கும். பெட்ரோல் இல்லாமல் காய்ந்தால் அது சுருங்கி, திரும்ப நிரப்பின அன்றைக்கே ஒழுகும்.

தேவகோட்டை ரஸ்தா:
எண்ணெய் பூசாம வைக்கச் சொல்லவே இல்லையே. முறை இதுதான்:

வண்டியை வாசலுக்கு வெளியே, நிழல்ல நிறுத்துங்க. பெட்ரோலை வடிச்சு அன்னைக்கே வேற வண்டியில ஊத்திருங்க, கேன்ல வைக்காதீங்க. டேப்பைக் கழட்டிட்டு, மூடியைத் திறந்து, டாங்கை ஒரு நாள் முழுக்க ஆற விடுங்க. மூக்கை வச்சா வாடை வரக்கூடாது. நீங்க சொன்ன வெடிக்கிற ஆவி இதுல போயிரும். பிறகு டேப் ஓட்டையை அடைச்சுட்டு 150 மில்லி 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோல்ல கலக்கற ஆயில்) ஊத்தி, டாங்கைக் கழட்டிக் கையில எடுத்து ஆறு பக்கமும் உருட்டுங்க. மேல் தகட்டுக்குப் படணும்னா தலைகீழா ரெண்டு நிமிஷம் பிடிக்கணும். பலர் விடுறது இதைத்தான். மிச்சத்தை வடிச்சிருங்க. ஏன் 2டின்னா, பெட்ரோல்ல உடனே கரையும், திரும்ப ஓட்டறப்ப புகையோட புகையா போயிரும்.

சிலிக்கா ஜெல் பையை நூல்ல கட்டித் தொங்கவிட்டு, நூல் முனையை வெளியே விட்டு ஒரு சிவப்புத் துணி கட்டுங்க. நோன்பு அவசரத்துல பையை மறந்துட்டு பெட்ரோலை ஊத்தறவங்க உண்டு. கார்க் டேப்னா கழட்டி ஆயில்ல போட்டு வைங்க, சுருங்காது.

ஈரத்தைப் பத்தி ஒண்ணு. நம்ம காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) துருச் சோதனையை மண்டபம் கடற்கரையில வைக்கிறதே அங்க உப்புக் காத்து இருக்கிறதாலதான். நம்ம பக்கம் உள்நாடு. எண்ணெய்ப் பூச்சு இருந்தா இந்த ஈரத்துக்குப் போதும்.

கானாடுகாத்தான் கிக்கர்:
டாங்குக்கு இவ்வளவு பேசுகிறீர்கள், எஞ்சினை யாரும் பார்க்கவில்லை. இந்த எஞ்சினில் நாள்பட நிறுத்தினால் ஆயில் டாங்கிலிருந்து பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் கேஸுக்குள் (எஞ்சின் அடிக்கூடு) இறங்கிவிடும். திறக்கும் நாளில் டிப் ஸ்டிக்கில் ஆயில் தெரியாது. குறைந்துவிட்டது என்று மேலே ஊற்றுவதுதான் பெரிய தப்பு. ஸ்டார்ட் ஆனதும் இரண்டு அளவும் சேர்ந்து பிரீதர் (எஞ்சின் காற்றுப்போக்குக் குழாய்) வழியே பீய்ச்சும். டைல்ஸில் எண்ணெய் ஊறினால் கறை போகாது, அடியில் தகரத் தட்டு வையுங்கள்.

எஞ்சின் அடியில் இரண்டு ட்ரெயின் பிளக் உண்டு, ஒன்று ஆயில் டாங்குக்கு, ஒன்று கிராங்க் கேஸுக்கு. மேனுவல் படத்தைப் பார்த்துக் கிராங்க் கேஸ் பிளக்கை மட்டும் கழற்றி வடித்து, அளந்து, அதே அளவு புது 20டபிள்யூ50 எஞ்சின் ஆயிலை மேலே ஊற்றுங்கள். வாஷர் நசுங்கியிருந்தால் மாற்றுங்கள்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் 5 மில்லி ஆயில் விட்டு, சாவி போடாமல் பத்துத் தடவை மெதுவாகக் கிக் செய்யுங்கள். பாயிண்ட் முகத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும், ஸ்பார்க் வராது. கல்யாணப் பத்திரிகை அட்டையை விரல் அகலத்துக்கு வெட்டி, பெட்ரோலில் நனைத்து, பாயிண்டுக்கு நடுவே இழுங்கள். அட்டை கறுப்பாக வரும். சுத்தமாக வரும் வரை இழுக்கணும். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்துப் பாருங்கள்.

பிறகு சாவியைப் போட்டு அம்மீட்டரைப் பாருங்கள். கிக்கரை மெல்ல அழுத்தினால் ஊசி மைனஸ் பக்கம் சாயும், பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரசரை (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் லீவர்) பிடித்துக் கிக்கரை இன்னும் ஒரு துளி இறக்கி, விட்டுவிட்டு, மேலே கொண்டுவந்து முழு உதை. ஊசி அசையவே இல்லை என்றால் உதைத்துப் பயனில்லை, பேட்டரியையும் பாயிண்டையும் பாருங்கள்.

கண்டனூர் காஸ்ட்அயர்ன்:
கிராங்க் கேஸை ஒவ்வொரு தடவையும் வடிக்கத் தேவையில்லை. ரிட்டர்ன் பம்ப் ஃபீட் பம்பை விடப் பெரியது, ஓட ஓடத் தானே மேலே ஏற்றிவிடும்.

கானாடுகாத்தான் கிக்கர்:
நாலு நாள் நின்ற வண்டிக்கு அது சரி, அண்ணே. எட்டு மாசத்தில் லிட்டர் கணக்கில் இறங்கியிருந்தால் ஃப்ளைவீல் ஆயிலில் அடித்துச் சுற்றும், கிக்கர் கல்லாக இருக்கும், ரிங் வழியே ஏறிப் பிளக் நனையும். ரஸ்தா சொன்னதுபோல அதில் பெட்ரோலும் கலந்திருந்தால் பேரிங்குக்குப் போவது ஆயிலே இல்லை. வடிக்கும்போது மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயில் டாங்கையும் வடித்து மொத்த ஆயிலையும் மாற்றணும். வடித்தால்தானே இது தெரியும்?

கண்டனூர் காஸ்ட்அயர்ன்:
மோந்து பார்ப்பதற்காகவாவது வடிக்கலாம் என்பது நியாயம். ஏற்றுக்கொள்கிறேன்.

பள்ளத்தூர்350:
மாசம் ஒரு தடவை வீடு கூட்ட ஒருவர் வருவார். அவரை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லலாமா? பேட்டரியை என்ன செய்வது?

தேவகோட்டை ரஸ்தா:
ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஐந்து நிமிஷத்துல எஞ்சின் முழுச்சூடு ஏறாது. எரியறப்ப உண்டாகுற தண்ணி சைலன்சர்லயும் ஆயில்லயும் தங்கிரும், உள்ளேயிருந்தே துரு பிடிக்கும். நீங்க வர்றப்ப குன்றக்குடி வரைக்கும் போயிட்டு வந்தா அது ஓட்டம்.

பேட்டரியைக் கழட்டிக் கொண்டுபோயிருங்க. 12 வோல்ட்னா 12.6, 6 வோல்ட்னா 6.3 இருக்கணும். மாசம் ஒரு தடவை சார்ஜ். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊத்துங்க, போர் தண்ணி ஊத்தாதீங்க.

கண்டனூர் காஸ்ட்அயர்ன்:
இதில் நாங்கள் ஒரே பக்கம். பூட்டும்போது கம்ப்ரஷன் மேல்முனையில் பிஸ்டனை நிறுத்துங்கள், இரண்டு வால்வும் மூடியிருக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சின் அடியில் பலகை கொடுத்து முன் டயரையும் தூக்கிவிடுங்கள்.

டாங்க் விஷயத்தில் என் முடிவு: மாசம் ஒரு கண் பார்க்க ஆள் வந்தால் நிரப்பி வைப்பதையே சொல்வேன். வருகிறவர் கார்ப்பரேட்டர் அடியிலும் தகரத் தட்டிலும் ஈரம் உண்டா என்று மட்டும் பார்த்தால் போதும். ஆள் வராத வீட்டில் ரஸ்தா சொல்வதுபோல வடித்து எண்ணெய் பூசுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
ஆள் வந்தாலும் நான் வடிப்பேன் அண்ணே. மாசத்துக்கு ஒரு நாள் வர்றவர் போன மறுநாள் கசிவு ஆரம்பிச்சா, இருபத்தொன்பது நாள் யாரும் பார்க்கப் போறதில்லை.

பள்ளத்தூர்350:
வடித்துவிடுகிறேன். டேப் இழுக்கிற மாடல்தான், கார்க்கை ஆயிலில் போட்டு வைக்கிறேன்.

கண்டனூர் காஸ்ட்அயர்ன்:
நோன்புக்குத் திறந்ததும் முழு டாங்க் ஊற்றிவிடாதீர்கள். முதலில் ஒரு லிட்டர் ஊற்றி, ஆட்டி, வெள்ளைத் துணி வழியே வடித்துப் பாருங்கள். துணியில் பழுப்புத் தூள் இருந்தால் இன்னொரு லிட்டர். தூள் நின்ற பிறகு கார்ப்பரேட்டருக்குத் திறந்துவிடுங்கள்.