மறுமொழி: கண்காணிப்புப் பயிற்சி வேண்டாம், வேற சொல் பாப்பம்

எல்லாருக்கும் வணக்கம்,

வைத்தியம் படிக்கிற பிள்ளை, ஆசிரியர் பக்கத்தில நிக்க நோயாளிக்குச் சிகிச்சை செய்து பழகுற பயிற்சிக்குத் தமிழில என்ன சொல் எண்டு நான் இங்க கேட்டிருந்தன். அதுக்கு மட்டக்களப்பு அக்கா போட்ட "கண்காணிப்பின் கீழான மருத்துவப் பயிற்சி" எண்ட சொல் போன கிழமையில இருந்து மனசுக்குள்ள குடையுது, அதான் எழுதுறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வியைக் கிளப்பினதே நான்தான். என்ர பெறாமகள் சீனாவில அவங்கட பாரம்பரிய மருத்துவம் படிக்கிறா, அஞ்சு வருசப் படிப்பு, இப்ப கடைசி வருசம், முழுக்க ஆஸ்பத்திரியில. இங்க கோணேசபுரி வளாகத்தில சித்த மருத்துவம் படிக்கிற அவட சிநேகிதப் பிள்ளையள் தங்கட மலருக்கு அதைப் பற்றி ரெண்டு பக்கம் கேட்டிருக்காங்க. எழுதிப்போட்டு, அந்தப் பயிற்சிக்கு தமிழில என்ன சித்தப்பா எண்டு கேட்டா. நான் முழிச்சன்.

கண்காணிப்பு எண்டோடன எனக்கு வாறது கங்காணி. மலைநாட்டில கொழுந்து கூடையோட நிண்ட சனத்தை மேய்ச்ச ஆள், அதே சொல்தான் அது. இப்ப பெரியகடைப் பக்கம் போனா கடைக்குக் கடை "கமரா கண்காணிப்பில் உள்ளது" எண்டு போர்ட். களவெடுப்பான் எண்டு நினைச்சுப் பாக்கிற பார்வை. மேற்பார்வை பரவாயில்லை, ஆனா பரீட்சை மண்டபத்தில சப்பாத்துச் சத்தத்தோட நடந்து திரியிறவரும் மேற்பார்வையாளர்தானே, அவர் ஒண்டும் சொல்லித்தர மாட்டார். "உள்ளகப் பயிற்சி"யை எடுக்கவே ஏலாது, எங்கட நாட்டில அது பட்டம் முடிச்ச பிறகு செய்யிற ஒரு வருசத்துக்கு ஏற்கெனவே எழுதி வச்ச பேர்.

சீனாக்காரர் என்ன சொல்லுறாங்க எண்டு பிள்ளையிட்ட கேட்டன். முதல் கட்டத்துக்கு ஜியென்ஷி, பார்த்துப் பழகுறது. ரெண்டாவது ஷிஷி, நிசமாச் செய்து பழகுறது. ரெண்டிலயும் கடைசியில வாற ஷி எழுத்தின்ர பழைய வடிவத்தில மேல சிறகு இருக்காம், குஞ்சு திருப்பித் திருப்பி சிறகடிச்சுப் பாக்கிறதுதான் பழகுறது எண்டு அவங்கட பழைய அகராதி சொல்லுது. சொல்லிக்குடுக்கிற வைத்தியரை தாய்ஜியாவ் ஆசிரியர் எண்டுறாங்க, கூடவே கூட்டிக்கொண்டு போய்ப் படிப்பிக்கிறவர். எங்கயாவது காவல் இருக்கா பாருங்கோ! மாணவி பக்கத்தில இருந்து அவர் எழுதுற மருந்துச் சீட்டைப் பார்த்து எழுதுவா, நாக்கைப் பார்ப்பா, அவர் பிடிச்ச நாடியைத் தானும் பிடிப்பா. எங்கட பரம்பரை வைத்தியர் வீட்டுத் திண்ணையில நடந்ததும் இதுதானே.

பக்கத்தில ஏன் ஆள் வேணும் எண்டா, அக்குபஞ்சர் ஊசி சரியா இறங்கினா குத்துறவற்ற விரலுக்கே ஒரு இழுவை தெரியுமாம், மீன் தூண்டில் இரையைக் கவ்வுற மாதிரி எண்டு சீனத்துப் பழைய பாட்டொண்டில இருக்கு. டச்சுக்குடாவில தூண்டில் போட்டவனுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. ஆனா கவ்வினது மீனோ பாசியோ எண்டு முதல்நாள் தெரியாது, தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்தில நிண்டு "இப்ப" எண்டு சொல்லவேணும். அதோட நெஞ்சிலயோ மேல்முதுகிலயோ ஊசி ஆழமாப் போனா நுரையீரல் துளைபட்டு காத்துக் கசியும், அது விளையாட்டில்லை.

கலிபோர்னியாவில இதைச் சட்டமாவே எழுதி வச்சிருக்காங்க. அக்குபஞ்சர் படிப்புக்குக் குறைஞ்சது மொத்தம் 3,000 மணித்தியாலம், அதில 950 சிகிச்சைப் பயிற்சி. தொடக்கத்தில ஆசிரியர் முழுநேரமும் கூடவே நிக்கவேணும், பிறகு ஊசி குத்தேக்க மட்டும் நிண்டா காணும், அதுக்கும் பிறகு கூப்பிடு தூரம். அதாவது சட்டம் அளக்கிறது ஆசிரியர் எவ்வளவு கிட்ட நிக்கிறார் எண்டதை. (குறள்ல "உற்றவன் தீர்ப்பான்" எத்தினையாவது எண்டு பாருங்கோ, 950! சும்மா சொன்னன்.)

ஆக எனக்கு வேண்டிய சொல்லில கிட்ட நிக்கிறது தெரியவேணும். என்ர பரிந்துரை ஆசான்கண் பயிற்சி. கண் எண்டது ஏழாம் வேற்றுமை உருபு, ஆசானிடத்தில எண்டு அர்த்தம், ஆசான்ர கண்ணுக்கு முன்னால எண்டும் எடுக்கலாம். கட்டங்களுக்கு பார்த்துப்பழகல், செய்துபழகல். ஆசிரியருக்கு உடன்நிற்கும் ஆசான்.

அடியுங்கோ.

---

தம்பி, கங்காணிக் கதை சரி, அந்தச் சொல்லை நான் வாபஸ் வாங்குறன். ஆனா ஆசான்கண் பயிற்சி எண்டு போர்ட் போட்டா சனம் கண் கிளினிக் எண்டு நினைச்சு கண்ணாடிக்கு லைன்ல நிக்கும். அதோட நீங்க நோயாளியை மறந்திட்டீங்க. பழகுறது ஒருத்தற்ற உடம்பில. அந்த ஆள் சொல்லுக்குள்ள எங்க? "சிகிச்சை" இல்லாட்டி இது சிலம்பம் பழகுற பயிற்சி மாதிரித்தான் கேக்கும். பார்த்துப்பழகல், செய்துபழகல் ரெண்டும் அருமை, அதில கைவைக்காதேங்கோ.

---

அக்கா, கண் கிளினிக் நல்லா வாங்கினன். நோயாளி விசயமும் நியாயம்தான், "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" எண்ட கணக்கில விடேலாது, அது உண்மையில ஆயிரம் வேர் எண்டு சொல்லுறாங்க எண்டாலும்.

அப்ப "ஆசான்கண் சிகிச்சைப் பயிற்சி" எண்டு முழுசா ஒருக்கா எழுதி, பிறகு வாற இடமெல்லாம் செய்துபழகல் எண்டு விடுவமா? பிள்ளையிட்டயும் கேட்டன், அவ "சித்தப்பா, இங்க நாங்க தமிழ்ப்பிள்ளையள் எல்லாம் கிளினிக் எண்டுதான் சொல்லுறம்" எண்டா. அதையும் கணக்கில எடுங்கோ. மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது, வியாழன் பின்னேரத்துக்குள்ள சொன்னாக் காணும்.